இதயக் கோளாறுள்ள பிள்ளையின் பல்லையும் பாருங்கள்

"விழப்போற பாற்பல்தானே, எதுக்கு மருந்து?" மாத்தளையில் லயத்திலும் டவுனிலும் கேட்கிற பேச்சு இது. பிறவியிலேயே இதயக் கோளாறுள்ள பிள்ளைக்கு இது ஆபத்தான பேச்சு. சூத்தைப் பல்லிலும் வீங்கிய முரசிலும் இருக்கும் கிருமி இரத்தத்தில் கலந்து, இதயத்தின் உட்சவ்வில் தங்கித் தொற்றாகலாம். பல் பிடுங்குமுன் அன்டிபயோட்டிக் கொடுத்தால் போதாதா என்பார்கள். அமெரிக்க இதயச் சங்கம் 2007இல் அந்த மருந்தை, செயற்கை வால்வு பொருத்தியவர்கள், முன்பு இத்தொற்று வந்தவர்கள் போன்ற மிக ஆபத்தான நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. எப்போதாவது செய்யும் பல் வைத்தியத்தைவிட, தினமும் மெல்லும்போதும் பல் துலக்கும்போதும்தான் கிருமி அதிகம் இரத்தத்துக்குள் போகிறது என்பது அதற்கொரு காரணம். அதற்காகத் துலக்காமல் விடுவதா? இல்லை, முரசு சுத்தமாக இருந்தால் போகிற கிருமியும் குறையும்.

எல்கடுவையிலிருந்து பல் வைத்தியத்துக்குப் பஸ் பிடித்து வந்தால் ஒருநாள் சம்பளம் போகும் என்பது நியாயமான பேச்சுதான். ஆனால் பாதி வேலை வீட்டில்தான். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அரிசிமணி அளவு புளோரைட் பற்பசை போதும். இனிப்புச் சிரப் கொடுத்தால் வாயைக் கழுவிவிடுங்கள், இரவில் கட்டாயம். பள்ளிக்கூடப் பல் கிளினிக் வரும்வரை காத்திருக்காதீர்கள். அடுத்த இதயக் கிளினிக்கில், பல் பிடுங்க அன்டிபயோட்டிக் தேவையா என்று டொக்டரிடம் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.