பாதிச் சிவப்பு

மார்கழியில் எங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் பாயின்செட்டியாவைப் பார்த்து, "என்ன பூ, சார்!" என்பார்கள். பூவா அது? இலையல்லவா சிவந்திருக்கிறது! நிஜப் பூ நடுவே மஞ்சளாக, கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும்.

மெக்ஸிகோச் செடி. 1820-களில் அங்கே தூதராக இருந்த பாயின்செட் என்ற அமெரிக்கர் தம் ஊருக்கு அனுப்பினார். பெயரும் அவருடையதே ஆகிவிட்டது. இலை உதிர்ந்ததும் கவாத்துச் செய்தால் மறுபடி துளிர்க்கும். ஆனால் சிவப்பதற்கு இருட்டு வேண்டும். இரவு பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நீளவேண்டும். இடையில் வெளிச்சம் பட்டால் பச்சைதான்.

எதிர்வீட்டுப் பாட்டி வாசல் விளக்கை விடியும் வரை அணைப்பதில்லை. அந்தப் பக்கத்துக் கிளைகள் சிவப்பதுமில்லை. மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் சொல்லத்தான் போனேன்.

"வடக்கே போன பிள்ளை ராத்திரி வண்டியிலேதான் வருவான், அப்பா" என்றாள் பாட்டி, நான் வாயைத் திறக்குமுன்பே.

கொல்லையில் ஒரு குச்சி ஊன்றியிருக்கிறேன்.