சியாங் மாய்க்கு எந்த மாதம் போகலாம்?

கேள்வி: ‘எங்கள் உழவர் உற்பத்தியாளர் குழுவிலிருந்து பன்னிரண்டு பேர் தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்குப் போய்வர நினைக்கிறோம். நெல் அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும், வயலில் வேலை இருக்காது என்பதால் மாசி, பங்குனியில் போகலாம் என்பது பெரும்பாலோர் யோசனை. அது சரியான காலம்தானா? எங்களில் இரண்டு பேருக்கு மூச்சிரைப்பு உண்டு.’ – திருவாரூர் மாவட்ட வாசகர்

மாசி, பங்குனி வேண்டாம். டிக்கெட் போடவில்லை என்றால் இப்போதே பேசித் தேதியை மாற்றிவிடுங்கள். மூச்சிரைப்பு உள்ள இருவர் இருப்பதால் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். காரணத்தைக் கேட்டால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள், ஏனென்றால் அது வானத்திலிருந்து வருவதல்ல, வயலிலிருந்தும் காட்டிலிருந்தும் வருவது.

சியாங் மாய் தாய்லாந்தின் வடக்கே, பிங் ஆற்றுப் படுகையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் மலை. மேற்கே நகரை ஒட்டியே தோய் சுத்தேப் மலை நிற்கிறது. பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் நடுப்பகுதி வரை, சில ஆண்டுகளில் ஏப்ரல் முழுவதும், இந்தக் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் புகை நிரம்பி நிற்கும். பனிக்கால விடியலில் நம் வீட்டு அடுப்புப் புகை மேலே எழும்பாமல் தோப்பின் தலைக்கு மேலேயே படுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழே குளிர்ந்த காற்று, மேலே வெப்பக் காற்று மூடி போட்டதுபோல். அங்கே நடப்பதும் அதுதான். ஒரு வீட்டு அடுப்புக்குப் பதில் பல மாவட்டங்களின் தீ.

தீ எங்கிருந்து வருகிறது? ஒன்று, காடு. அங்குள்ள இலையுதிர் காடுகள் கோடையில் சருகாக நிற்கும். தரையை எரித்தால் மழை விழுந்ததும் மண்ணுக்குள் விளையும் ஒரு வகைக் காளானை எளிதில் பொறுக்கலாம் என்று மலைவாசிகளில் பலர் நம்புகிறார்கள். அந்தக் காளானுக்கு நல்ல விலை. இரண்டு, மக்காச்சோளம். கோழித் தீவனத்துக்காக மலைச்சரிவுகளில் ஏராளமாகப் போடுகிறார்கள். சரிவில் டிராக்டர் ஏறாது, தட்டையை அறுத்துச் சுமக்கக் கூலி கட்டாது, ஒரு தீக்குச்சியில் நிலம் சுத்தமாகிவிடும். மூன்று, எல்லைக்கு அப்பால் மியான்மரின் ஷான் பகுதியிலும் லாவோஸிலும் இதே கதை. காற்றுக்குப் பாஸ்போர்ட் கிடையாது.

இதைப் படித்துவிட்டு அந்த விவசாயிகளைத் திட்ட வேண்டாம். கரும்புச் சோகையை எரிக்காதீர்கள் என்று முப்பது வருடமாக நான் கூட்டம் போட்டுச் சொல்கிறேன். எத்தனை பேர் கேட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கேயும் ஆண்டுதோறும் சுமார் இரண்டு மாதம் எரிக்கத் தடை போட்டுப் பார்த்தார்கள். தடை தொடங்குவதற்கு முன் அவசர அவசரமாகக் கொளுத்துவதும், முடிந்த மறுநாள் கொளுத்துவதும்தான் மிச்சம். மாற்று வழிக்குக் கூலியும் கருவியும் தராமல் தடை மட்டும் போட்டால் எந்த நாட்டிலும் இதுதான் நடக்கும். 2023 மார்ச்சில் உலகிலேயே காற்று மிக மோசமான நகரங்களின் பட்டியலில் சியாங் மாய் பல நாள் முதலிடத்தில் இருந்தது. ஊர் மக்கள் அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். அவசரத் திட்டம் வகுக்கும்படி 2024 ஜனவரியில் அங்குள்ள நிர்வாக நீதிமன்றம் உத்தரவிட்டது.

புகையில் கெடுதல் செய்வது கண்ணுக்குத் தெரியும் சாம்பலைவிட, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள்தான். அது நுரையீரலின் அடிவரை போகும். ஒரு நாள் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்லாந்து வைத்திருக்கும் வரம்பு 37.5, நம் நாட்டு வரம்பு 60. மோசமான மார்ச் நாள்களில் சியாங் மாயில் இது 100-ஐ அநாயாசமாகத் தாண்டும். நான் முதல் தடவை போனது ஒரு பயிற்சிக்காக, அதுவும் மார்ச்சில். தேதியை எங்களைக் கேட்டு யாரும் வைக்கவில்லை. தங்கிய அறையின் ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே தோய் சுத்தேப் தெரியும் என்றார்கள். ஆறு நாளில் ஒரு நாளும் தெரியவில்லை. மலையைப் பார்க்க அதே மலைமேல் ஏற வேண்டியிருந்தது, ஏறிப் பார்த்தால் ஊரைக் காணோம். எங்கள் குழுவில் ஆஸ்துமா உள்ள ஒருவர் மூன்றாம் நாளிலிருந்து அறையை விட்டு வெளியே வரவில்லை.

சரி, அப்படியானால் எப்போது? சுற்றுலாப் புத்தகம் எதைப் புரட்டினாலும் நவம்பர் முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை என்றுதான் இருக்கும். அது உண்மைதான். மழை ஓய்ந்திருக்கும், வானம் நீலமாக இருக்கும், டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை 15 டிகிரி வரை இறங்கும். தாய்லாந்தின் மிக உயர்ந்த சிகரமான தோய் இந்தனோன் (2,565 மீட்டர்) அருகில்தான். அங்கே சில காலைகளில் புல்லின்மேல் பனி உறைந்திருக்கும். நெல் அறுப்பும் நவம்பர், டிசம்பர் தொடக்கத்தில். நவம்பர் பௌர்ணமியில் ஈ பெங் விழா. ஆற்றில் விளக்கு மிதக்கவிடுவார்கள், காகிதக் கூண்டு விளக்குகளை வானில் ஏற்றுவார்கள். சில ஆண்டுகளில் இது நம் கார்த்திகை தீபத்தோடு ஒட்டி வரும். கூட்டமும் அறை வாடகையும் அப்போது உச்சத்தில் இருக்கும்.

ஆனால் டெல்டாக்காரர் நவம்பரில் எப்படி ஊரை விட்டுக் கிளம்புவது? நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். சம்பா மேலுரம், வடிகால், புயல் எச்சரிக்கை என்று ராத்தூக்கம் இல்லாத மாதம். வேடிக்கை என்னவென்றால் இரண்டு ஊரிலும் வீசுவது ஒரே வடகிழக்குக் காற்றுதான். சீன நிலப்பரப்பிலிருந்து வறண்டு குளிர்ந்து வரும் காற்று சியாங் மாயைத் தாண்டும்போது ஈரம் இல்லாமல் போகிறது. வங்கக்கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து நம் தலையில் கொட்டுகிறது. ஆகவே அவர்களின் நல்ல காலம் நம் வேலைக் காலம், நம் ஓய்வுக் காலம் அவர்களின் புகைக் காலம். தென்னை, மா வைத்திருக்கும் பொள்ளாச்சி, கிருஷ்ணகிரி வாசகர்கள் தாராளமாக நவம்பர், டிசம்பரில் போகட்டும். பொங்கல் கழித்துப் புறப்பட முடிந்தவர்களுக்கு ஜனவரி கடைசி வாரம் நல்ல வாரம். பிப்ரவரியில் அங்கே மலர்த் திருவிழாவும் நடக்கும். அதற்குப் பிறகு நாள் தள்ளத் தள்ள ஆபத்து.

டெல்டா நண்பர்களுக்கு நான் சொல்வது வேறு இரண்டு காலம்.

முதலாவது, மே மூன்றாம் வாரம். குறுவை போடுகிறவர்களுக்கு இதுதான் தோது. மேட்டூர் அணை திறப்பை எதிர்பார்த்து நாற்றங்காலுக்குத் தயாராகும் முன் ஒரு வாரம் கிடைக்கும். பள்ளி விடுமுறையும் இருப்பதால் பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம். ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோடை மழையும் மே நடுவில் வரும் தென்மேற்குப் பருவமழையும் புகையைக் கழுவிவிடும். வெயில் இருக்கும், ஆனால் ஏப்ரலின் 36, 37 டிகிரி அளவுக்கு இராது. லிச்சி பழம் அப்போதுதான் சந்தைக்கு வரும். நகரின் பெரிய சந்தையான வாரோரோட்டில் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள்.

இரண்டாவது, ஜூலை கடைசி. ஒருபோக சம்பா மட்டும் போடுகிறவர்களுக்கு ஏற்றது. மழைக்காலத்தில் யாராவது ஊர் சுற்றப் போவார்களா என்று கேட்பீர்கள். சுற்றுலாப் பயணி யோசிக்கலாம், விவசாயி யோசிக்க வேண்டியதில்லை. சியாங் மாயின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,100 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், நம் டெல்டா மழையைவிடப் பெரிய வித்தியாசம் கிடையாது. மே முதல் அக்டோபர் வரை அது பரவி விழுகிறது. ஜூலையில் பெரும்பாலும் காலை வெளிச்சமாக இருக்கும், மாலையில் ஒரு பாட்டம் அடித்து ஓயும். மனைவியோடு இரண்டாம் முறை நான் போனது இந்த நேரத்தில்தான். எனக்குப் பிடித்த சியாங் மாய் இதுவே.

நடவு நடக்கும் காலம் அது. அவர்களுடைய நில அளவு ‘ராய்’. இரண்டரை ராய் சேர்ந்தால் கிட்டத்தட்ட நம் ஒரு ஏக்கர். வடக்கே வீட்டுச் சாப்பாட்டுக்குப் போடுவது ஒட்டும் நெல். அந்த அரிசியில் அமைலோஸ் ஏறக்குறைய இல்லை என்பதால் இரவு ஊறவைத்து ஆவியில் வேகவைத்தால் பிசுபிசுவென்று சேர்ந்துகொள்ளும். மூங்கில் கூடையில் வைத்து, கையால் உருட்டி, தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார்கள். என் மனைவிக்கு முதல் நாள் பிடிக்கவில்லை, நாலாம் நாள் கூடையையே விலை கேட்டாள்.

வயலுக்கு நீர் வரும் முறையை மறக்காமல் கேட்டுப் பாருங்கள். ‘முவாங் ஃபாய்’ என்பார்கள், அதாவது வாய்க்காலும் கொரம்பும். ஆற்றின் குறுக்கே மூங்கில் கழி, மரம், கல் வைத்து அணை கட்டி நீரைத் திருப்பும் பழைய ஏற்பாடு. மழைக்கு முன் பாசனதாரர்கள் கூடிப் பழுது பார்க்க வேண்டும். நிலம் அதிகமானால் தர வேண்டிய ஆள்கூலியும் அதிகம். தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள். 1296-இல் மெங்ராய் மன்னர் இந்த நகரை நிறுவியதாக வரலாறு. இந்த நீர்ப்பங்கீடும் அந்தப் பழங்காலத்ததுதான். நம் குடிமராமத்தைப் பற்றிப் பேசுகிற வாசகர்கள் அங்கே அரை நாள் செலவழித்தால் வீண்போகாது. நகரக் கோயில்களைப் பிறகும் பார்க்கலாம்.

ஜூலை, ஆகஸ்ட் லாங்கன் பழத்தின் அறுவடைக் காலமும்கூட. பக்கத்து லாம்பூன் மாகாணம் அதற்குப் பெயர்போனது. பூந்திக்கொட்டைக் குடும்பத்து மரம், நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலும் இயற்கையாக உண்டு. இது பூக்கக் குளிர் வேண்டும், குளிர் குறைந்த வருடம் காய்ப்பு குறையும். 1990-களின் பிற்பகுதியில் பொட்டாசியம் குளோரேட்டை வேரடி மண்ணில் கொடுத்தால் குளிர் இல்லாமலே பூக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அதனால் பருவம் தவறிய பழம் இன்று வருடம் முழுக்கக் கிடைக்கிறது. ஆனால் அது வெடிமருந்துக்கும் பயன்படும் உப்பு. 1999 செப்டம்பரில் சான் பா தோங் பகுதியில் லாங்கன் ஆலை ஒன்றில் அது வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தோப்புக்காரர் யாராவது ‘பூக்க வைக்கும் மருந்து’ என்று பெருமையாகக் காட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள், கையில் வாங்கி வராதீர்கள்.

செப்டம்பரையும் அக்டோபர் முதல் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். தென்சீனக் கடலிலிருந்து வலுவிழந்து வரும் புயல்களின் எச்சம் அப்போதுதான் மலையில் கொட்டும். 2024 அக்டோபர் தொடக்கத்தில் நவரத் பாலத்தில் பிங் ஆறு 5 மீட்டரைத் தாண்டி, ஆற்றோரக் கடைத்தெருக்களில் வெள்ளம் புகுந்தது. அந்த மாதங்களில் போயே ஆக வேண்டும் என்றால் ஆற்றோரம் அறை எடுக்காமல் அகழிக்கு மேற்கே எடுங்கள்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை நடக்கும் சொங்கிரான் பற்றிச் சில வாசகர்கள் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். நம் சித்திரை முதல் நாளும் அவர்களின் புத்தாண்டும் ஒன்றே. பழைய நகரைச் சுற்றியுள்ள அகழி நீரை வாளியில் மொண்டு ஒருவர்மேல் ஒருவர் ஊற்றி மூன்று நாள் ஆடுவார்கள். பார்க்க வேண்டிய விழாதான். இளவட்டங்கள், உடம்பு நன்றாக உள்ளவர்கள் போகட்டும். வெயில் உச்சத்தில் இருக்கும், புகையும் முழுதாக விலகியிராது. திருவாரூர் குழுவுக்கு இது பொருந்தாது.

எந்த மாதம் போனாலும் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே காற்றின் அளவைப் பாருங்கள். தாய்லாந்து அரசின் மாசுக் கட்டுப்பாட்டுத் துறை ‘ஏர்ஃபோர்தாய்’ என்ற செயலியில் ஊர்வாரியாக வெளியிடுகிறது. மூச்சிரைப்பு உள்ளவர்கள் இன்ஹேலரையும் மருத்துவர் சீட்டையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்ப வேண்டாம். புகைக்குத் துணி முகக்கவசம் பயன்படாது, என்-95 வகைதான் வேண்டும். பாங்காக்கில் இறங்கி ரயிலில் போவது நல்லது. 751 கிலோமீட்டர், இரவு ரயிலில் ஏறினால் விடியும்போது மலைப்பாதையில் இருப்பீர்கள். விசா விதி அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் போடும் நாளில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. லாங்கன் கன்று, மா ஒட்டுக்கன்று, ஒட்டும் நெல் விதை என்று கண்ணில் பட்டதையெல்லாம் பெட்டியில் போட்டு வரக் கை பரபரக்கும். 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்நாட்டுத் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் விதையோ கன்றோ கொண்டுவரக் கூடாது. விமான நிலையத்தில் பறித்து எரிப்பார்கள். உலர்ந்த லாங்கன் பழம் அங்கே பாக்கெட்டில் கிடைக்கும், அங்கேயே வேண்டிய மட்டும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.