கம்பியில்லா வாயிலோன்

பண்டை அரண்மனைகட்கு வாயிலோன் எத்தகையனோ, இந்நாளில் இல்லங்கட்கு ரவுட்டர் என்னும் சிறு பெட்டி அத்தகையது. உள்ளிருந்து புறஞ்செல்லும் செய்தியும், புறத்திருந்து உள்வரும் செய்தியும் அதன் கையைக் கடந்தே ஆதல் வேண்டும். அத்தகைய வாயிலோன் ஒருவனைத் தேர்ந்து எம் மனையில் அமர்த்திய வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

எம் இல்லம் காட்டாங்குளத்தூர் இரயில் நிலையத்திற்கு அணித்தே உள்ளது. பொத்தேரியில் பொறியியல் பயிலும் மாணவியர் நால்வர் மாடியிற் குடியிருக்கின்றனர். வாடகையோடு இணைய வசதியும் தருவதாக எந்தையார் அவர்கட்கு வாக்களித்திருந்தார். இணைப்புத் தந்தோர் வைத்துச் சென்ற பெட்டியின் அலையோ மாடியை எட்டவில்லை. ஆதலின் புதியதொன்று வாங்க நேர்ந்தது. பெங்களூரில் பணிபுரியும் எம் தமையனார், “வாங்குவதை வி.பி.என். இயங்கத் தக்கதாய் வாங்குக” எனத் தொலைபேசி வழியே அறிவுறுத்தினார்.

வி.பி.என். என்பது யாதோவெனின், நம் செய்தியை மறைகுறியால் மூடி, வேறோரிடத்துள்ள கணிப்பொறி வரையிற் சுரங்கவழி போன்றதொரு நெறியிற் செலுத்துதலாம். இக்காலத்துத் தளங்களிற் பெரும்பாலானவை தம் செய்தியை முன்னரே மூடி அனுப்புகின்றன. எனினும், எத்தளத்திற்குச் செல்கின்றோம் என்பது உறைமேல் எழுதிய விலாசம்போல் இணைப்புத் தருவோர்க்குப் பெரும்பாலும் புலப்படும். வி.பி.என். அவ்விலாசத்தையும் மூடிவிடும்.

மூடுந்தொழில் பெட்டிக்குப் பெருஞ்சுமையாம். செயலி வலிமையற்ற பெட்டியில் அதனை இயக்கின், இணைப்பின் வேகம் வெகுவாய்க் குன்றும். 2001-இல் தோன்றிய ஓபன்வி.பி.என். முறையினும், 2020-இல் லினக்ஸ் மென்பொருளின் கருவிலேயே இடம்பெற்ற வயர்கார்டு முறை சுமை குறைந்தது. ஆதலின் வலிய செயலியும் வயர்கார்டும் உடையதையே தேடினோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர் கடந்து நெடுந்தொலை செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது, ஆயின் எல்லை குறுகியது. இரண்டும் அமைந்த பெட்டியை வாங்கி, கூடத்து உயர்ந்த அலமாரிமேல் வைத்தோம். விற்றோர் இட்ட கடவுச்சொல்லை முதற்கண் மாற்றினோம், மென்பொருளைப் புதுப்பித்தோம், மாடியினர்க்கு விருந்தினர் வலையொன்றைத் தனியே வகுத்தோம்.

வி.பி.என். நடத்துவோரைத் தேர்தல் இதனினும் அரிதாயிற்று. இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் விடுத்த ஆணை, அவர்கள் தம் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்தாண்டு காத்தல் வேண்டும் என விதித்தது. அதன்பின் அயல்நாட்டு நிறுவனங்கள் சில இந்தியாவிலிருந்த தம் கணிப்பொறிகளை அகற்றிக்கொண்டன. அயல்நாட்டு முகவரியினின்று வருவாரை நம் நாட்டுத் தளங்கள் சில ஏற்பதில்லை. எனவே அன்னையாரின் வங்கிக் கணக்கு இயங்கும் தொலைபேசியை நேர்வழியில் விடுத்து, எம் கணிப்பொறியை மட்டும் சுரங்கவழியிற் செலுத்தினோம். இணைப்புத் தருவோரிடமிருந்து மறைத்த விலாசத்தை வி.பி.என். நடத்துவோரிடம் ஒப்புவித்தோம் என்பதே உண்மை. நம்பிக்கை இடம்மாறிற்றேயன்றி, நம்பவேண்டும் நிலை ஒழிந்திலது.

இந்நிலையில் எந்தையார், “மாடியிலுள்ளோர் பிறர் பெற்ற பிள்ளைகள்; நம் பொறுப்பில் இருப்பவர்கள். இணைப்பும் என் பெயரில் உள்ளது. எவரெவர் எத்தளம் காண்கின்றனர் என்று இப்பெட்டி பட்டியல் தருமாமே, அதனை இயக்கி வை” என்றார். அவர் சொல்லில் அன்பும் இருந்தது, அச்சமும் இருந்தது. மாடியினரையும் சுரங்கவழியிற் செலுத்தினும், அவர் விலாசம் எமக்கு மறையாது. சுரங்கத்தின் வாய் எம் கூடத்திலன்றோ உள்ளது! ஒரு பெண் தன் நோயைப்பற்றி நள்ளிரவில் எதைத் தேடினாள் என்பதை வீட்டுக்காரர் காலையில் அறிதல் தகுமோ? 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமுகமாய்த் தீர்ப்பளித்தனர். அத்தீர்ப்பை எடுத்துரைத்தும் எந்தையார் இசைந்திலர்.

அவர் அஞ்சல் துறையிற் பணிபுரிபவர். ஆதலின், “அப்பா, எத்தனையோ அஞ்சலட்டைகள் திறந்தபடியே தங்கள் கைவழிச் சென்றுள்ளனவே, அவற்றைப் படித்ததுண்டா?” எனப் பணிவுடன் வினவினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “கைக்கு வந்ததெல்லாம் கண்ணுக்கு வந்ததன்று” என்றார்.

அன்று மாலை அவரே மாடிக்குச் சென்று, பட்டியல் நிறுத்தப்பட்டதையும், விரும்புவோர் தம் தொலைபேசியிலேயே வி.பி.என். வைத்துக்கொள்ளின் எமக்கும் ஒன்றும் தெரியாது என்பதையும் நால்வருக்கும் உரைத்தார். ஒரு மாணவி அதனைத் தன் கண்ணாற் காண விரும்பினாள். எந்தையார் சினவாது அவளைக் கூடத்திற்கு அழைத்துவந்து, திரையிற் காட்டுமாறு எம்மைப் பணித்தார்.

நண்பர்காள்! நம்மிற் பலர் நாளை இல்லத்திலும் விடுதியிலும் அலுவலகத்திலும் இப்பெட்டியின் திறவுகோலை உடையவராவோம். புறத்தார் கண்ணுக்குத் திரையிட முயலும் நாம், நம் கண்ணுக்கும் ஓர் எல்லை வகுத்துக்கொள்வோமாக.