சோளக்கொல்லை நடுவே ஒரு மைதானம்

டயர்ஸ்வில் என்றால் அயோவா மாநிலத்துக்காரர்களுக்கு முன்பெல்லாம் டிராக்டர் பொம்மைதான் நினைவுக்கு வரும். அசல் டிராக்டரை அச்சு மாறாமல் கையடக்கமாக வார்த்தெடுக்கும் எர்ட்டல் நிறுவனம் வளர்ந்தது அந்த ஊரில்தான். பண்ணைப் பொம்மைகளுக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகமும் உண்டு. நாலாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊர் அது. எல்லையைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் மக்காச்சோளமும் சோயாவும்தான். 1988 கோடையில் ஒரு படக்குழு அந்த வயல்களுக்கு நடுவே வந்து இறங்கியது. சாலையிலிருந்து தள்ளி, சற்றே மேட்டில் நின்ற ஒரு வெள்ளை மரவீட்டின் முன்னால், பயிர் வளரவேண்டிய இடத்தில் ஒரு பேஸ்பால் மைதானத்தை அமைத்தது. படம் முடிந்து குழு கிளம்பிப் போய்விட்டது. மைதானம் மட்டும் போகவில்லை.

அந்தப் படம் ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’. கனடா எழுத்தாளர் டபிள்யூ. பி. கின்செல்லா 1982-ல் வெளியிட்ட ‘ஷூலெஸ் ஜோ’ நாவலைத் தழுவி, ஃபில் ஆல்டன் ராபின்சன் எழுதி இயக்கி 1989-ல் வெளிவந்தது. கெவின் காஸ்ட்னர் நடித்த ரே என்ற விவசாயிக்குச் சோளத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. மைதானம் கட்டு, அவன் வருவான் என்கிறது அது. கடன் கழுத்தை நெரிக்கும் நேரத்தில், விளைந்து நிற்கும் பயிரை அழித்து ரே மைதானம் போடுகிறான். எப்போதோ இறந்துபோன ஆட்டக்காரர்கள் சோளத்தை விலக்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே வருகிறார்கள். கடைசியில் வருபவர் ரேயின் அப்பா. பதினேழு வயதில் அவரோடு சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போன மகன் அவன். சமாதானம் செய்துகொள்வதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவர் இளைஞனாக எதிரே நிற்கிறார். மகன் அவரைப் பந்து எறிந்து பிடித்து விளையாடக் கூப்பிடுகிறான். படம் அவ்வளவுதான். பேஸ்பாலின் விதி ஒன்றுகூடத் தெரியாதவர்களும் அந்த இடத்தில் உடைந்துபோகிறார்கள்.

படமெடுத்த கதையும் சாமானியமானதல்ல. 1988-ல் அமெரிக்காவின் நடுப்பகுதியைக் கடும் வறட்சி வாட்டியது. ஆளை மறைக்கும் சோளத்தை நம்பித்தான் முழுத் திரைக்கதையும் நின்றது, சோளமோ மண்ணைவிட்டு எழ மறுத்தது. படக்குழு செலவழித்துத் தண்ணீர் பாய்ச்சவேண்டி வந்தது. பாய்ச்சிய நீரில் சோளம் திடீரென்று எழும்பி, தேவைக்கு மேல் வளர்ந்துவிட்டது. குரல் கேட்கும் காட்சியில் காஸ்ட்னரின் தலை பயிருக்கு மேலே தெரியவேண்டும் என்பதால் வரிசைகளுக்கு நடுவே பலகை போட்டு, அதன்மேல் அவரை நடக்கவிட்டார்கள். மைதானத்தில் பதித்த புல் வேர் பிடிக்காமல் பழுப்பேறிப் போனபோது அதன்மேல் பச்சைச் சாயம் அடித்தார்கள். சுற்றுவட்டார விவசாயிகள் அந்தக் கோடையில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் இந்தக் காட்சி முழுமையாகும்.

கடைசிக் காட்சியில் இருட்டில் கார் விளக்குகள் மைல் கணக்கில் வரிசையாக மைதானத்தை நோக்கி வரும். ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த காட்சி அது. கார்களும் அவற்றை ஓட்டிவந்தவர்களும் அந்த வட்டாரத்தையே சேர்ந்தவர்கள். அவ்வளவு கார்கள் நெருங்கி நின்றதால் நகர்வது மேலிருந்து தெரியவில்லை. விளக்கை மாற்றி மாற்றிக் கூட்டிக் குறைக்கச் சொன்னார்கள். வரிசை ஊர்ந்து வருவதுபோல் திரையில் தெரிந்தது. எங்கெங்கிருந்தோ மக்கள் இந்த வயலைத் தேடி வருவார்கள் என்று படத்தில் ஒரு பாத்திரம் ஆரூடம் சொல்கிறது. அதை முதலில் நடித்துக் காட்டியவர்கள் ஊர்க்காரர்களே.

மைதானம் இரண்டு பண்ணைகளின் எல்லைமேல் விழுந்திருந்தது. வீடும், ஆட்டத்தின் உள்வட்டமும், வலது பக்கமும் ஒரு விவசாயிக்குச் சொந்தம். இடது பக்கமும் நடுப்பகுதியும் பக்கத்து நிலத்துக்காரருக்கு. படப்பிடிப்பு முடிந்ததும் வீட்டுக்காரர் தன் பகுதியை அப்படியே விட்டுவைத்தார். பக்கத்து நிலத்துக்காரர் உழுது சோளம் போட்டுவிட்டார். படத்தின் ரசிகர்கள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. அது நியாயமில்லை. மழை பொய்த்த ஆண்டில் நஷ்டப்பட்ட விவசாயி, பணம் கொடுத்தவர்கள் போனபிறகு நிலத்தை மறுபடியும் நிலமாக்கினார். உலகத்தில் எந்த விவசாயியும் அதைத்தான் செய்வார்.

ஆனால் 1989-ல் படம் திரைக்கு வந்த கையோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாரும் அழைக்கவில்லை, விளம்பரமும் இல்லை. கார் வந்து நிற்கும், ஒருவர் இறங்கி, மைதானத்தைப் பார்க்கலாமா என்று கேட்பார். ஒரு கார் பத்தாயிற்று, பத்து நூறாயிற்று. உழுத பகுதியும் விரைவிலேயே மறுபடி புல்தரையானது. பின்னாளில் ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர் வந்துபோகும் இடமாக அது மாறியது.

வந்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதுதான் விசேஷம். பார்ப்பதற்கு அங்கே அதிகம் இல்லை. ஒரு வெள்ளை வீடு, சில மரப்படிக்கட்டு இருக்கைகள், கம்பிவலைத் தடுப்பு, பந்தடிக்கும் இடத்தில் வெள்ளைத் தகடு, செம்மண் பாதை, புல், பிறகு சோளம். எல்லைச் சுவர் கிடையாது, பயிரே சுவர். ஜூலை நடுவில் அந்தச் சுவர் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். வந்தவர்கள் முதலில் செய்வது அதற்குள் நுழைவதுதான். இரண்டு வரிசைகளுக்கு நடுவே நாலு அடி வைத்ததும் வெளிச்சம் குறையும். தோகை கன்னத்திலும் முழங்கையிலும் உராயும். அதன் விளிம்பு மெல்லிய ரம்பம் போன்றது, சுணை தோலில் அரிக்கும். பூத்த பயிராக இருந்தால் மகரந்தத் தூள் சட்டையில் கொட்டும். திரும்பி நின்று, கையால் தோகையை விலக்கிக்கொண்டு புல்லுக்கு வெளியே வருவார்கள். வெளியே யாராவது கேமராவோடு தயாராக நிற்பார்கள். எழுபது வயதுக்காரர்களும் இதைச் செய்கிறார்கள்.

பிறகு பந்து எறிந்து பிடிக்கிறார்கள்.

அந்த மைதானத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. பொதுவாகப் படப்பிடிப்புத் தலங்களில் கயிறு கட்டியிருக்கும், தொடாதே என்று பலகை இருக்கும். இங்கே எவரும் மட்டையை எடுத்து நிற்கலாம். முன்பின் தெரியாத ஒருவர் பந்து வீசுவார், இன்னொருவரின் மகள் ஓடிப்போய்ப் பொறுக்குவாள். பக்கத்தில் ஓர் அப்பாவும் வளர்ந்த மகனும் பேச்சே இல்லாமல் அரைமணி நேரம் பந்தை மாற்றி மாற்றி எறிந்துகொண்டிருப்பார்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசத் தெரியாத ஆண்களுக்குப் பதினைந்து அடி தூரமும் ஒரு பந்தும் பெரிய உதவி. படம் அதைக் கண்டுபிடித்துச் சொன்னது, மைதானம் அதற்கு இடம் கொடுத்தது. பல ஆண்டுகள் நுழைவுக் கட்டணமே வாங்காமல் வைத்திருந்த அந்தக் குடும்பங்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

அதற்காக எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. இரண்டு நிலம், இரண்டு உரிமையாளர்கள் என்பதால் வாசலும் இரண்டானது, நினைவுப்பொருள் கடையும் இரண்டானது. மைதான மண்ணைச் சிறு குப்பியில் அடைத்து விற்றதும் உண்டு. எவ்வளவு வணிகம் தகும் என்பதில் இரு தரப்புக்கும் ஒத்துப்போகவில்லை. 2007-ல் வீட்டுக்காரக் குடும்பம் மறுபாதியையும் வாங்கியபிறகுதான் மைதானம் ஒரே கைக்கு வந்தது. இதற்கு நடுவிலும் உள்ளூர் ஆட்கள் சிலர் பழைய ஒயிட் சாக்ஸ் சீருடை அணிந்து, சோளத்திலிருந்து வெளிவந்து குழந்தைகளோடு விளையாடும் வழக்கத்தைக் கோடைக்காலங்களில் தொடர்ந்து நடத்தினார்கள். ‘கோஸ்ட் பிளேயர்ஸ்’ என்று பெயர். அவர்களில் சிலர் படத்திலேயே ஓரமாகத் தலைகாட்டியவர்கள்.

அந்தச் சீருடைக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1919 உலகத் தொடரில் சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி சின்சினாட்டி ரெட்ஸிடம் தோற்றது. சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு தோற்றதாக எட்டு பேர்மேல் குற்றச்சாட்டு வந்தது. 1921-ல் நீதிமன்றம் விடுவித்தது. ஆனாலும் பேஸ்பால் ஆணையர் கெனசா மவுண்டன் லாண்டிஸ் எட்டு பேருக்கும் ஆயுள் தடை விதித்தார். அவர்களில் ஒருவர்தான் ஷூலெஸ் ஜோ ஜாக்சன். அதே தொடரில் அவருடைய பேட்டிங் சராசரி .375. 1951-ல் தடையோடு இறந்தார். படத்தில் ரே லியோட்டா அவராக நடித்தார். ஜாக்சன் இடதுகை மட்டையாளர், லியோட்டா வலதுகையால் ஆடினார் என்று பேஸ்பால் பித்தர்கள் இன்றுவரை சுட்டிக்காட்டுகிறார்கள். 2025 மே மாதம், இறந்துபோனவர்கள் மீதான நிரந்தரத் தடையை மேஜர் லீக் நீக்கியபோது ஜாக்சனின் பெயரும் பட்டியலிலிருந்து விலகியது. இடையில் நூறாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. மூன்லைட் கிரஹாம் என்ற பாத்திரமும் நிஜ மனிதர்தான். 1905-ல் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்காக ஒரே ஓர் ஆட்டத்தில் களத்தில் நின்றார், மட்டை பிடிக்கும் முறை வராமலே போய்விட்டது. பிறகு மினசோட்டாவின் சிசோம் என்ற சுரங்க ஊரில் ஆயுள் முழுக்க மருத்துவராக இருந்தார். பர்ட் லங்காஸ்டர் அவரை நடித்த விதத்துக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.

2010-ல் பண்ணை விலைக்கு வந்தது. வாங்க முன்வந்த நிறுவனம் பக்கத்தில் 24 மைதானங்கள் கொண்ட சிறுவர் போட்டி வளாகம் கட்டத் திட்டமிட்டது. நகராட்சி வயலை வணிகப் பகுதியாக மாற்ற, அக்கம்பக்கத்து விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். போக்குவரத்து, சத்தம், கழிவுநீர் என்று அவர்கள் கவலைப்பட்டதில் தப்பில்லை. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 2016-ல் நகராட்சிக்குச் சாதகமாக முடிந்தது. இருந்தும் அந்த வளாகம் திட்டமிட்டபடி எழவில்லை. 2018 ஜனவரியில் யாரோ இரவில் மைதானத்துக்குள் வண்டியை ஓட்டிப் புல்தரையை ஆழமாகக் கிழித்துவிட்டுப் போனார்கள். செய்தி பரவியதும் ரசிகர்கள் பணம் அனுப்பினார்கள். தரை செப்பனிடப்பட்டது.

2021 ஆகஸ்டு 12 அன்று மேஜர் லீக்கே டயர்ஸ்வில்லுக்கு வந்தது. படத்தின் மைதானம் அதற்குச் சின்னது, அதனால் சோளத்துக்கு நடுவே சற்றுத் தள்ளி சுமார் 8,000 பேர் அமரும் தற்காலிக அரங்கம் கட்டினார்கள். காஸ்ட்னர் முதலில் சோளத்திலிருந்து வெளியே வந்தார், அவருக்குப் பின்னால் ஒயிட் சாக்ஸ், நியூயார்க் யாங்கீஸ் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். கடைசி இன்னிங்ஸில் யாங்கீஸ் நான்கு ஓட்டம் எடுத்து 8-7 என்று முந்தியது. அடுத்த சில நிமிடங்களில் டிம் ஆண்டர்சன் அடித்த பந்து வலது பக்கச் சோளத்துக்குள் விழுந்தது. ஒயிட் சாக்ஸ் 9-8 என்று வென்றது. அயோவா மண்ணில் நடந்த முதல் மேஜர் லீக் ஆட்டம் அது. மறு ஆண்டு சிகாகோ கப்ஸ் அணியும் சின்சினாட்டி ரெட்ஸும் அங்கே ஆடின. ஆட்டத்துக்கு முன் கென் கிரிஃபி சீனியரும் ஜூனியரும், இருவருமே மேஜர் லீக்கில் பேர்போனவர்கள், அப்பாவும் மகனுமாகப் பந்து எறிந்து பிடித்தார்கள்.

2021-லேயே பழைய ஒயிட் சாக்ஸ் நட்சத்திரம் ஃபிராங்க் தாமஸின் குழு இந்த இடத்தை வாங்கி, புதிய மைதானங்களும் தங்கும் விடுதியும் அடங்கிய பெருந்திட்டத்தை அறிவித்தது. ஊருக்கு வருமானம் வேண்டும், அதை மறுக்க முடியாது. சோள விலையை மட்டும் நம்பி வாழும் வட்டாரத்துக்கு நாலு கடை கூடுதலாக ஓடுவது நல்லதே. ஆனால் எத்தனை மைதானம் புதிதாக வந்தாலும், 1988-ல் போட்ட அந்த ஒன்றை மட்டும் முன்பதிவு, அட்டவணை, பயிற்சியாளர் என்று எதற்குள்ளும் அடைக்காமல் வழிப்போக்கர்களுக்குத் திறந்தே வைத்திருக்கவேண்டும். அரங்கம் கட்ட அமெரிக்காவில் இடத்துக்குப் பஞ்சமில்லை. யார் வேண்டுமானாலும் இறங்கி ஆடும் மைதானங்கள்தான் குறைந்துகொண்டே போகின்றன.

அந்தப் பக்கம் போகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்க்கலாம். அப்போது சுற்றிலும் உழுத மண்தான் இருக்கும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை பயிர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், அக்டோபர் அறுவடைக் காலம். வாய்த்தால் அப்பாவையோ பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போங்கள், கையுறை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.