வேங்கடத்தின் புறவாசல்

திருப்பதிக்குப் போகும் கூட்டம் திரும்பிப் பார்க்காத மலைச் சாலைகளில் மூன்று நாள் சைக்கிள் பயணம்

திருப்பதிக்குப் போகிறவர்கள் வழியைப் பார்ப்பதில்லை. பஸ் ஏறியதும் தூக்கம், ரேணிகுண்டா தாண்டியதும் விழிப்பு, பிறகு க்யூ, லட்டு, மறுபடியும் தூக்கம். நானும் நாற்பது வயது வரை அப்படித்தான் போய்வந்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்ற மலைகளின் பெயரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்க வைத்தது சைக்கிள்தான்.

சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்கள் இரண்டு ரகம். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்துக் கணக்கில் சேர்க்கிறவர்கள் ஒரு ரகம். டீக்கடை கண்ட இடத்தில் இறங்கிவிடுகிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது. கூட வந்தவர் சித்தூரில் தெலுங்கு கற்பிக்கும் ஆசிரியர். மொழிபெயர்ப்புச் சந்தேகம் கேட்கப்போய் நண்பரானவர். பதினைந்து வருடமாகியும் இருவரும் ஒருவரையொருவர் 'சார்' என்றுதான் அழைக்கிறோம்.

டிசம்பர் மாதத்து விடியலில் திருத்தணியிலிருந்து கிளம்பினோம். நகரி, புத்தூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு, வடமேற்கே பொதட்டூர்பேட்டைக்குத் திரும்பியதும் லாரிச் சத்தம் அடங்கியது. அதற்குப் பதிலாகத் தறிச் சத்தம். விசைத்தறிகளின் தடதடப்பு தெருவுக்குத் தெரு கூடவே வருகிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் எங்களிடம் தமிழில் வழி சொன்னார். உள்ளே திரும்பி மருமகளிடம் தெலுங்கில் தண்ணீர் கேட்டார். கொடுத்த சொம்பைத் திரும்ப வாங்கும்போது, "சைக்கிள்லயா? வேண்டுதலா?" என்றார். அடுத்த மூன்று நாளும் எங்களை விடாமல் துரத்தப் போகும் கேள்வி அது என்று அப்போது தெரியவில்லை.

பள்ளிப்பட்டுதான் தமிழ்நாட்டின் கடைசிப் பெரிய ஊர். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போனது. திருப்பதி வேண்டும் என்று இங்கே ம.பொ.சி. போராடினார், சென்னை வேண்டும் என்று அங்கே குரல் எழுந்தது. கடைசியில் படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் இந்தப் பக்கம் வந்தன. நகரியும் புத்தூரும் அங்கேயே தங்கின. வேங்கடமே தமிழின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரத்தில் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். அந்த எல்லையைத் தாண்டும்போது ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்திருந்தேன். தோன்றியது பசி மட்டும்தான்.

எல்லைக்கு அப்பால் முதல் டீக்கடை. நடத்தும் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். சில்லறையைத் தமிழில் எண்ணினார், பஸ்ஸில் வந்திறங்கியவரிடம் தெலுங்கில் விசாரித்தார், பையனை இரண்டிலும் திட்டினார். "இன்னாண்ணா, மொக்கா?" என்று எங்களைக் கேட்டபோது இரண்டு மொழியும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. தெலுங்கில் மொக்கு என்றால் வேண்டுதல். வீட்டில் தெலுங்கு பேசும் தமிழ்நாட்டுப் பெரியவரையும், வீட்டில் தமிழ் பேசும் ஆந்திரத்து அம்மாவையும் ஒரே காலையில் பார்த்தாகிவிட்டது. பஸ்ஸில் போனால் இருவருமே தூக்கத்தில் கடந்துபோயிருப்பார்கள்.

தண்ணீரும் எல்லை பார்ப்பதில்லை. கார்வேட்டிநகரத்துப் பக்கம் கிருஷ்ணாபுரம் அணை இருக்கிறது. மழைக்காலத்தில் அதைத் திறந்தால் பள்ளிப்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் தரைப்பாலங்கள் மூழ்கும். அந்தக் கொசஸ்தலை ஆற்று நீர்தான் பூண்டி ஏரிக்குப் போய், சென்னைக் குழாயில் குடிநீராக வருகிறது. இரண்டு மொழி மலைகளில் பெய்த மழையைத்தான் நாங்கள் குடித்து வளர்ந்திருக்கிறோம்.

அன்று மாலை கார்வேட்டிநகரம். ஜமீன் இருந்த ஊர். படிக்கட்டுகள் சூழ்ந்த பெரிய குளமும் வேணுகோபால சுவாமி கோயிலும் இருக்கின்றன. பரத நாட்டிய மேடைகளில் இன்றும் பாடப்படும் தெலுங்குப் பதங்களை இயற்றிய சாரங்கபாணி இந்த அரசவையைச் சேர்ந்தவர். குளக்கரையில் இரண்டு பையன்கள் கிரிக்கெட் மட்டையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியரின் உறவினர் வீட்டில் ராகிக் களியும் கடலைச் சட்னியும். காலில் சுளுக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "புத்தூர் பக்கத்திலேயே இருக்கும்போது பயம் எதுக்கு?" என்றார்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் ஊரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிள் விடுவது ஒரு தைரியம்தான்.

இரண்டாம் நாள் பெனுமூர் வழியாகப் பாகாலா. சைக்கிளுக்காகவே போட்டதுபோன்ற சாலை: சிறு ஏற்றம், நீண்ட இறக்கம், இருபுறமும் மாந்தோப்பு. பத்து நிமிடத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள். இங்கே விளையும் தோத்தாபுரி பெரும்பாலும் கூழ் ஆலைகளுக்குப் போகிறது. 2025 கோடையில் விலை சரிந்தபோது மாநில அரசு கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் தர வேண்டி வந்தது. தோப்பில் கிளை கழித்துக்கொண்டிருந்தவரிடம் "எவ்வளவு அமைதியான ஊர்" என்று சொல்லிவிட்டேன். "இப்ப அமைதிதான் சார். ஜூன்ல வாங்க, ஆலை வாசல்ல டிராக்டரோட மூணு நாள் நின்னு பாருங்க" என்றார். வேண்டுதலா என்று கேட்காத ஒரே மனிதர்.

பாகாலாவுக்குச் சற்று மேற்கே தாமலசெருவு. 1740 மே மாதம் இந்தக் கணவாயில்தான் ஆற்காட்டு நவாப் தோஸ்து அலி மராட்டியரிடம் தோற்று உயிர்விட்டார். தென்னிந்திய அரசியலைப் புரட்டிய போர். இப்போது மாங்காய் மண்டிகளால் பெயர் வாங்கிய ஊர்.

அங்கிருந்து சந்திரகிரிக்கு நெடுஞ்சாலையில்தான் போனோம், காது அடைத்தது. சந்திரகிரிக் கோட்டையில் ராஜா மகாலின் நிழலில் சைக்கிளைச் சாய்த்ததும்தான் மூச்சு திரும்பியது. விஜயநகரம் சுருங்கி இங்கே வந்து ஒதுங்கியிருந்த காலத்தில், 1639-இல், அதற்குக் கட்டுப்பட்ட தாமர்ல நாயக்கர்களிடம்தான் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் கோட்டை கட்ட உரிமை பெற்றார்கள். சென்னைவாசிக்குத் தாய்ப் பத்திரம் பார்த்த உணர்வு.

மூன்றாம் நாள் இருட்டு பிரியும்போதே கிளம்பிவிட்டோம். பாக்ராபேட்டை மலைச்சாலை அகலக் குறைவு, வளைவு அதிகம். 2022 மார்ச்சில் நிச்சயதார்த்தத்துக்குப் போன பஸ் ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து பலர் இறந்த இடம். லாரிகள் விழிப்பதற்குள் ஏறிவிட வேண்டும். ஏறினோம், பாதி தூரம் தள்ளிக்கொண்டு. பாக்ராபேட்டையில் பிரதான சாலையை விட்டு வலப்புறம் திரும்பினால் எர்ரவாரிபாளையம், நெரபைலு, பிறகு தலக்கோனா அருவி. சங்கிலிச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்காத சாலை. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை இதைவிட நல்ல வழி தென்னாட்டில் அதிகம் இல்லை என்பேன். தண்ணீரையும் பங்சர் சாமானையும் கையோடு கொண்டுபோக வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் காட்டோரச் சாலையில் இருக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் திருமலை அலிபிரி நடைபாதையிலேயே சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்றிருக்கிறது.

இந்தக் காடு சேஷாசலம். 2010 முதல் உயிர்க்கோளக் காப்பகம். உலகில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில் மட்டுமே இயற்கையாக வளரும் செம்மரம் இங்கே நிற்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று இதே மலைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்த இருபது பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் மலைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். அன்று செய்தியை நானும் படித்தேன். இடத்தின் பெயர்கள் வெறும் பெயர்களாக இருந்தன.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. ஆசிரியர் பின்தங்கியிருந்தார். காவலுக்கு இருந்தவர் என்னை நிறுத்தினார். "ஏ ஊரு?" என்று தெலுங்கில் கேட்டார். தமிழில் பதில் சொன்னேன். அவர் முகம் மாறியது. பையைத் திறக்கச் சொன்னார். பம்ப், துண்டு, பிஸ்கட், திருத்திக்கொண்டிருந்த மொழிபெயர்ப்புக் கட்டு. கட்டைப் புரட்டியவர், "மீரு மாஸ்டாரா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. பிறகு தமிழிலேயே, "டீ சாப்ட்டுப் போங்க சார்" என்றார். மரியாதையான மனிதர். அவர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை.

ஆனால் அந்த அரை நிமிடம் இன்னும் என்னோடு இருக்கிறது. என் கண்ணாடியும் கியர் சைக்கிளும் காகிதக் கட்டும் எனக்குச் சிபாரிசு செய்தன. ஜவ்வாது மலையிலிருந்து இடைத்தரகரின் பேச்சை நம்பிக் கூலிக்கு வருகிறவருக்கும் என் தாய்மொழிதான். அந்தச் சிபாரிசு மட்டும் இல்லை. மூன்று நாளாக அமைதி, அமைதி என்று நான் குறிப்பு எழுதிக்கொண்டு வந்த சாலையில் அவர் இரவில், விளக்கில்லாமல் வருகிறார்.

தலக்கோனாவில் 270 அடி உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது. டிசம்பரில் ஒல்லியான அருவிதான். கால் நனைத்துவிட்டுத் திரும்பும்போது, கொய்யாப் பழம் விற்ற பாட்டி கேட்டார்: "மொக்கா நாயனா?"

இல்லை என்று தலையாட்டத்தான் வாய் திறந்தேன். ஆசிரியர் முந்திக்கொண்டு, "ஆமாம்மா, ஒவ்வொரு வருஷமும் வரணும்னு" என்றார். பாட்டி இரண்டு பழம் கூடுதலாகப் போட்டார்.