கண்ணால் பிரித்த கேலக்ஸிகள்

8 எம்.எம். சல்லடையில் நிற்கும் காய்க்கு ஒரு விலை, 7-இல் நிற்பதற்கு இன்னொரு விலை. ராசிங்காபுரத்தில் வளர்ந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போடி குடோனில் ஏலக்காய் பிரித்துவிட்டு சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கும் அக்காமார் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். சல்லடை அளவை மட்டும்தான் பார்க்கும். வெளுத்தது, வெடித்தது, பேன் அரித்துச் சொறி தட்டியது எல்லாம் கண்ணும் விரலும் பார்க்க வேண்டிய வேலை.

வானியலாளர் எட்வின் ஹபிள் 1926-இல் கேலக்ஸிகளைப் பிரித்ததும் கண்ணால்தான். புகைப்படத் தகடுகளைப் பார்த்துக் குவியல் போட்டார்: நீள்வட்டம், சுருள், இரண்டிலும் சேராதவை. சுருள்களில் சிலவற்றுக்கு நடுவே ஒளித்தண்டு ஒன்று குறுக்கே கிடக்கும். அவற்றைத் தனியே வைத்தார். நீள்வட்டத்தில் பெரும்பாலும் கிழட்டுச் சிவப்பு நட்சத்திரங்கள். புதிது பிறக்கக் குளிர்ந்த வாயு அநேகமாக மிச்சமில்லை. சுருளின் கைகளிலோ வாயுவும் தூசியும், இளம் நீல நட்சத்திரங்களும். ஒரு வில்லங்கம் உண்டு. காயை உருட்டிப் பார்க்கலாம், கேலக்ஸியை முடியாது. வட்டமாகத் தெரிவது, முனையை நம் பக்கம் திருப்பிய நீளமான ஒன்றாகவும் இருக்கலாம்.

சொந்த வீட்டு நிலைமை இன்னும் மோசம். பங்குனி அமாவாசையை ஒட்டிப் பின்னிரவில் தோட்டத்துப் பக்கம் போனால், தென்கிழக்கே நம் கேலக்ஸியான பால்வீதி வெளிறிய பட்டையாக எழும். மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளி, அதற்குள்ளேயே நாம் உட்கார்ந்திருக்கிறோம். வெளியே போய்ப் படமெடுக்க வழியில்லை. நடுவிலோ தூசித் திரை. அகச்சிவப்புக் கதிர்களையும் வாயுவின் ஓட்டத்தையும் வைத்துத்தான் நம்முடையதும் தண்டுள்ள சுருள் என்று பிடித்தார்கள்.

எந்த வடிவத்திலும் சரியாக அடங்காததைப் பார்க்க நமக்கு ஒரு சலுகை இருக்கிறது. பெரிய மகெல்லன் மேகம் என்ற கேலக்ஸி டெல்லியில் உதிப்பதே இல்லை. நம் ஊர் 10 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், தை மாத முன்னிரவில் தெற்கே 10 டிகிரி உயரம்வரை வரும். அடிவானம் தெளிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2007-இல் ‘கேலக்ஸி ஜூ’ என்று இணையத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். சுமார் 9 லட்சம் கேலக்ஸிப் படங்களை வடிவம் பார்த்துப் பிரிக்கப் பொதுமக்களை அழைத்தார்கள். முதல் வருடத்திலேயே ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். அவர்களில் சிலர், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதோடு நிற்காமல், பச்சையாக உருண்டு கிடந்த பொடிகளையும் பொறுக்கி வைத்தார்கள். ‘பச்சைப் பட்டாணி’ என்றே பெயராகிவிட்டது. அசுர வேகத்தில் நட்சத்திரம் பிறக்கும் குட்டிக் கேலக்ஸிகள் அவை என்று 2009-இல் ஆய்வு வந்தது. சல்லடை மட்டும் இருந்திருந்தால் ஓட்டை வழியே போயிருக்கும்.

2025-இல் புனேயில் ஆய்வாளர்கள் ராஷி ஜெயினும் யோகேஷ் வாடதேகரும், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களில் ஒரு சுருளைக் கண்டு அலகநந்தா என்று பெயர் வைத்தார்கள். பிரபஞ்சத்துக்குச் சுமார் 150 கோடி வயதே ஆனபோது இருந்தது அது. அதற்குள் இரண்டு கைகளும் திருத்தமாக அமைந்திருக்கின்றன. அந்த வயதில் எல்லாம் கலைந்து குழம்பித்தான் கிடக்கும் என்பது பழைய கணக்கு. அதைத் திருத்தும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.