பரிசு வைக்காததற்கு நன்றி

அன்புள்ள சேகர குருவானவர் ஐயாவுக்கும், மாதர் சங்கத்து அக்காமாருக்கும், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும்,

வேதக்கோயிலுக்குள் உட்கார்ந்து யாரும் படம் வரையலாம், வயசு வித்தியாசம் இல்லை என்று நீங்கள் மைக்கில் சொன்னபோது, "முதல் பரிசு என்னவாம்?" என்றுதான் எங்கள் முத்தாரம்மன் கோயில் தெருவில் கேட்டார்கள். நம் பக்கத்தில் படம் என்றால் போட்டிதான். சின்னப் பிள்ளைகளுக்கு இயற்கைக் காட்சி, பெரிய பிள்ளைகளுக்குத் தேசத் தலைவர். பத்தாம் வகுப்போடு பென்சிலைக் கீழே வைத்துவிடுவோம். நீங்கள் பரிசே வைக்கவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

பெஞ்சுகளை ஓரங்கட்டிப் பாய் விரித்து, ஓலைப்பெட்டிகளில் கிரேயானும் கரித்துண்டும் போட்டு வைத்திருந்தீர்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் மெஞ்ஞானபுரம் ஆலயக் கோபுரத்தை வரைவதில் இறங்கிவிட்டார்கள். 192 அடி தாளுக்குள் அடங்குமா? ஒருத்தி இரண்டு தாளை ஒட்டினாள். ஒருவன் சிலுவையை விட்டுவிட்டு, "அது மேகத்துக்குள்ள இருக்கு" என்றான்.

என் பக்கத்தில் பனையேறும் பெரியவர் ஒருவர். வற்புறுத்தித்தான் உட்காரவைத்தோம். நாமெல்லாம் தரையில் நின்று பனையைப் பார்ப்பவர்கள். நெட்டுக்குத்தாக ஒரு கோடு, உச்சியில் விசிறி, முடிந்தது. அவர் மேலிருந்து வரைந்தார். சுற்றிலும் மட்டைகள் விரிய, நடுவில் கட்டிய பாளைகள், அவற்றில் தொங்கும் கலயங்கள், கலயத்துக்குள் சுண்ணாம்புத் தடம். தரை எங்கே என்று கேட்டேன். ஓரத்தில் செக்கச்செவேலென்று ஒரு தீற்றல் இழுத்து, "தேரி" என்றார். போட்டி நடுவர் ஒருவர் இருந்திருந்தால், பனை எங்கே என்று கேட்டிருப்பார்.

அந்தப் பெரியவரைப் பார்த்தபோது, லண்டன் தொழிலாளர் கல்லூரியில் 1854 முதல் படம் கற்பித்த ஜான் ரஸ்கின் நினைவுக்கு வந்தார். தச்சரை ஓவியராக்குவது தன் நோக்கமல்ல, தச்சராகவே அவர் இன்னும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது ரஸ்கினின் எண்ணம். அவர் இறந்து நூறாண்டு ஆன 2000இல், எல்லா வயதினரும் கூடி வரையும் 'பிக் டிரா' விழா பிரிட்டனில் தொடங்கியது. அந்த எண்ணம் எந்த வழியாகத் தேரிக்காட்டுக்கு வந்ததோ, வந்தது நல்லதாயிற்று. பனங்காட்டில் இருந்துகொண்டு சீனிக் காப்பி கொடுத்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு பதனீர்க் காலம் முடிந்தபின் வையுங்கள். பனையேறிகள் இன்னும் நாலு பேர் வருவார்கள். கடைக்காரர் யாராவது சுழற்கோப்பை தருகிறேன் என்று வந்தால், அசனத்துக்கு அரிசியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முத்தாரம்மன் கோயில் தெரு அயலான்